கிட்னி மாற்றிய பிறகு மாதாமாதம் பிகே வைரஸ் டெஸ்ட் தேவையா?

திருவாரூர்க்காரன்:
அப்பாவுக்குக் கிட்னி மாற்றி 4 மாதம் ஆகிறது. கிரியாட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவு) சரியாக இருக்கிறது, காய்ச்சலும் இல்லை, ஆனாலும் மாற்றிய கிட்னியைக் கெடுக்கக்கூடிய பிகே வைரஸுக்கு மாதாமாதம் பிசிஆர் (ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்று பார்க்கும் டெஸ்ட்) எடுக்கச் சொல்கிறார்கள். குறுவை நடவு நேரத்தில் தஞ்சாவூர் போய்வர ஒரு நாள் போகிறது, அவசியமா?

கும்பகோணம் வாசி:
அவசியம் சார். பிகே சத்தமில்லாமல் வரும், கிரியாட்டினின் ஏறும்போது சேதம் தொடங்கியிருக்கும். முதல் 9 மாதம் மாதாமாதம், அப்புறம் 2 வருடம் வரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்பது 2024 சர்வதேசப் பரிந்துரை. ஒரே லேபில் எடுங்கள், லேபுக்கு லேப் வைரஸ் எண்ணிக்கை மாறும்.

மன்னார்குடி:
பிகேவுக்கென்று நிரூபிக்கப்பட்ட மருந்து இல்லை அண்ணா. ரத்தத்தில் வைரஸ் கூடினால் எதிர்ப்புசக்தியை அடக்கும் மாத்திரையை டாக்டர் குறைப்பார், நீங்களாகக் குறைத்தால் உடல் கிட்னியையே நிராகரித்துவிடலாம். கிட்னி மாற்றியவர்களுக்கு வரக்கூடிய இன்னொரு வைரஸான சிஎம்வி வேறு கதை, அதற்கு வால்கான்சிக்ளோவிர் என்ற மருந்து உண்டு, ஆனால் அதை நிறுத்திய பிறகு காய்ச்சல், வயிற்றுப்போக்கு வந்தால் உடனே சொல்லிவிடுங்கள்.