டிராக் பிடிக்கும், ஆனால் ஒரு பெண்ணாக உறுத்தவும் செய்கிறது. உங்களுக்கும் அப்படியா?

செங்காங்_வாசகி:
டிராக் நிகழ்ச்சிகளை, அதாவது ஆண்கள் பெண் வேடம் கட்டி மேடையில் ஆடிப் பேசும் நிகழ்ச்சிகளை, தடுக்க வேண்டும் என்று பேசுபவர்களுக்கு ஆதரவாக இதை எழுதவில்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்கு டிராக் உண்மையிலேயே பிடிக்கும். டிராக் நகைச்சுவைக் கலைஞர் குமார் 90களில் பூம் பூம் ரூம் என்ற இரவு விடுதியில் தொடங்கி இத்தனை வருடமாகச் சிங்கப்பூர் மேடையில் நின்று இனம், அரசியல், படுக்கையறை என எல்லாவற்றையும் பேசியிருக்கிறார். நம் ஊரில் அதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று நமக்குத் தெரியும்.

ஆனால் நிகழ்ச்சி முடிந்து வீட்டுக்கு வரும்போது மனசு சரியாக இருப்பதில்லை. மேடையில் இருப்பவர் பெரிய மார்பு, பெரிய இடுப்பு, அடுக்கடுக்காக ஒட்டிய இமைமயிர் என்று வந்து நின்று வாய்விட்டுச் சிரிக்கிறார், கெட்ட வார்த்தை பேசுகிறார், முன்வரிசை ஆண்களைக் கலாய்க்கிறார், கூட்டம் கைதட்டுகிறது. அதே சத்தத்தில் நான் சித்தி வீட்டுத் தீபாவளி விருந்தில் சிரித்தால் “பொம்பளப் பிள்ளையா அடக்கமா இரு” என்று அதட்டல் வரும். பெண்ணுக்குக் கிடைக்காத அனுமதி, பெண் வேடம் போட்ட ஆணுக்கு மட்டும் எப்படிக் கிடைக்கிறது? எனக்கு அதில் பொறாமையே இருக்கிறது. அப்புறம் பிள்ளை பெற்றுத் தொங்கிய வயிறு, மாதவிடாய் நின்ற மாமியார் என்று ஜோக் ஆரம்பித்தால் என் சிரிப்பு நின்றுவிடும். பெண்ணியம் பேசுகிறவர்கள் இதை எப்படிப் பார்க்கிறீர்கள்?

காப்பி_ஓ_கொசோங்:
அந்த அனுமதியை நம்மிடமிருந்து பறித்தது டிராக் கலைஞர் இல்லையே. சித்தி வீட்டில் அதட்டுகிறவர்களிடம் கோபப்படுவோம்.

எனக்கு டிராக் பிடிப்பதற்குக் காரணமே வேறு. வேலைக்குப் போவதற்கு முன்னால் புருவம், உதட்டுச்சாயம், தலைமுடி, மூச்சுமுட்டும் உள்ளாடை என்று நான் செய்வதெல்லாம் உழைப்பு என்று யாரும் சொன்னதில்லை, பெண் என்றால் இயல்பாகவே அப்படி இருப்பாள் என்று நினைக்கிறார்கள். ஒரு ஆண் மணிக்கணக்கில் உட்கார்ந்து பஞ்சும் பசையும் வைத்து அதைக் கட்டி எழுப்பி, கடைசியில் மேடையிலேயே விக்கைக் கழற்றும்போது, இதெல்லாம் செய்து வைத்தது என்று நூறு பேருக்கு முன்னால் தெரிந்துவிடுகிறது. பெண்ணியக் கட்டுரை எதுவும் எனக்கு அதை இவ்வளவு சீக்கிரம் புரியவைத்ததில்லை. மாமியார் ஜோக்கைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது சரி. அது சோம்பேறித்தனமான ஜோக், தமிழ்ப் படங்களில் ஆண்கள் சேலை கட்டிவரும் காட்சிகளிலும் அதேதான் நடக்கிறது.

பழைய_நாடக_ரசிகை:
தங்கச்சி, நம் மேடையில் இது புதிதில்லை. பாய்ஸ் கம்பெனி என்ற சிறுவர் நாடகக் குழுக்களில் பையன்கள்தான் பெண் வேடம் கட்டினார்கள், தெருக்கூத்தில் திரௌபதியாக நின்று சபதம் போட்டதும் ஆண்தான். டி.கே. சண்முகம் அவ்வையாராக நடித்து அவ்வை சண்முகம் என்றே பெயர் வாங்கினார். அவரைப் பார்த்து யாரும் கேலியாகச் சிரிக்கவில்லை, கும்பிட்டார்கள். ஆகவே ஆண் சேலை கட்டினாலே அது பெண்ணுக்கு அவமானம் என்பதை நான் ஏற்க மாட்டேன்.

ஆனால் இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். கே.பி. சுந்தராம்பாள் 1935-இல் திரையில் நந்தனாராக நடித்தார். எம்.எஸ். சுப்புலட்சுமி 1941-இல் நாரதராக வந்தார். பெண் ஆணாக வந்தால் பக்தி, கம்பீரம். ஆண் பெண்ணாக வந்தால், குறிப்பாகச் சினிமாவில், பெரும்பாலும் சிரிப்பு. ஆணாவது ஏற்றம், பெண்ணாவது இறக்கம் என்று நமக்குள் ஊறிப்போயிருப்பதால்தான் அந்தச் சிரிப்பு வருகிறது. உங்களுக்கு உறுத்துவது அதுவாக இருக்கலாம். எனக்கும் அது உறுத்துகிறது. அந்தக் கூட்டுச் சிரிப்பில் என் வயது உடம்பும் சேர்ந்துதானே அடிபடுகிறது?

பூகிஸ்_பக்கம்:
நான் திருநங்கை, தமிழச்சி. இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். டிராக் வேடம், இரவு முடிந்ததும் கழற்றிவிடலாம். நான் வேடம் போடவில்லை. திருநங்கைகள் இரவில் கூடிய பூகிஸ் தெருவை 80களில் இடித்துக் கட்டுவதற்கு முன்னால் அங்கே நடந்த பெண்கள் எல்லாரையும் இன்று டிராக் என்ற ஒரே கணக்கில் எழுதுகிறார்கள், அவர்களில் பலர் பெண்களாகவே வாழ்ந்தவர்கள். 1971-இல் கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் பாலின மாற்று அறுவை சிகிச்சை செய்தவர் பேராசிரியர் எஸ்.எஸ். ரத்னம், இலங்கைத் தமிழர். இது நம் வீடுகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

வாசகி, உங்கள் வலி எனக்குப் புரிகிறது, ஆனால் பயமும் வருகிறது. “ஆண்கள் பெண்களைக் கேலி செய்கிறார்கள்” என்று டிராக்கைப் பற்றி ஆரம்பிக்கிற பேச்சு கொஞ்ச நேரத்தில் என்னைப் போன்றவர்கள் மேல் வந்து நிற்கிறது, கழிப்பறை வாசலில் அதைக் கேட்பது நான்தான். அதே நேரத்தில், பாரில் விக்கைப் பார்த்துச் சிரித்த அதே வாய் எம்ஆர்டி ரயிலில் என்னைப் பார்த்தும் சிரிக்கிறது, அதனால் டிராக் மேல் எனக்கும் கோபம் உண்டு. ஆனாலும் இருபது வயதில் நான் பயமில்லாமல் பாவாடை கட்டி உட்கார்ந்த முதல் இடம் டிராக் நிகழ்ச்சி நடந்த ஒரு பார்தான். அதையும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

செங்காங்_வாசகி:
பூகிஸ்_பக்கம், எழுதியதற்கு நன்றி. உங்களைக் குறிவைக்கிற பேச்சுக்கு என் கேள்வி பயன்படுவதை நான் விரும்பவில்லை, யாராவது அப்படி எடுத்துப் பேசினால் இங்கேயே மறுப்பேன்.

காப்பி_ஓ, விக்கைப் பற்றிச் சொன்னது பிடித்தது. ஆனால் கோபத்தை வீட்டோடு நிறுத்திக்கொள்ளச் சொல்வதுடன் எனக்கு உடன்பாடில்லை. மைக் வைத்திருப்பவருக்கும் பொறுப்பு இருக்கிறது. அந்தக் கலைஞருக்கு இன்று இன்ஸ்டாகிராமில் எழுதப்போகிறேன், ஆட்டமும் உடையும் எவ்வளவு பிடித்தது என்றும், மாமியார் பகுதி வரும்போது எங்கள் மேசையில் இருந்த நான்கு பெண்களும் ஏன் அமைதியானோம் என்றும். சரி, இன்னொன்று, இங்கே ஆண் வேடம் கட்டி ஆடும் டிராக் கிங் நிகழ்ச்சி, அதிலும் தமிழ்ப் பெண்கள் செய்வது, யாராவது பார்த்திருக்கிறீர்களா? வேட்டியும் முறுக்கு மீசையுமாக ஒரு பெண் வந்து நின்றால் நம் கூட்டம் எதைப் பார்த்துச் சிரிக்கும் என்று எனக்கு நேரில் பார்க்க வேண்டும்.