ஊட்டிக் குளிரில் கணினி கேபினெட்டுக்கு இன்னொரு விசிறி தேவையா?

ஃபெர்ன்ஹில்வாசி:
வீடியோ தொகுப்பு வேலைக்காக 170 வாட் கிராபிக்ஸ் கார்டு ஒன்றைப் பழைய கேபினெட்டில் பொருத்தியிருக்கிறேன். பின்புறம் ஒரே ஒரு 120 மி.மீ. விசிறி. முன்புறம் முழுக்கக் கண்ணாடி. ஓரத்தில் மட்டும் விரல் நுழையாத இடுக்கு. அறை 17 டிகிரிதான். ஆனாலும் கார்டு 84 டிகிரியைத் தொட்டு வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. முன்னால் ஒரு விசிறி சேர்க்கலாமா?

லவ்டேல் பெரியவர்:
வேண்டாம் தம்பி. சென்னைக்காரர்கள் கேட்க வேண்டிய கேள்வி இது. ஆடி மாதத்தில் அலமாரித் துணியே பூசணம் பூக்கும் ஊரில், பனிமூட்டத்தை உள்ளே இழுக்க ஒரு விசிறியா? தூசைத் துடைத்து, சிப்பின் சூட்டை வெளியே கடத்தும் பசையான தெர்மல் பேஸ்ட்டை மாற்றினாலே போதும்.

கோத்தகிரிப் பெண்:
ஐயா, அறை குளிர்ந்திருந்து என்ன பயன்? அந்தக் குளிர் கார்டு வரை போய்ச் சேர வேண்டாமா? 170 வாட் வெப்பமும் கேபினெட்டுக்குள்ளேயே கொட்டுகிறது. கார்டின் விசிறிகள் அதே சூட்டுக்காற்றைத்தான் சுழற்றுகின்றன. மேலும், 2,240 மீட்டர் உயரத்தில் காற்று மெலிது. விசிறி தள்ளும் கன அளவு மாறாது. காற்றின் எடை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். சென்னையில் கேபினெட்டைக் கடக்கும்போது 15 டிகிரி சூடேறும் காற்று, இங்கே 18, 19 டிகிரி ஏறும்.

லவ்டேல் பெரியவர்:
கணக்கை முழுதாகப் போடுங்கள் அம்மா. சென்னை அறை 32; 15 சேர்த்தால் 47. இங்கே 17ம் 19ம் 36. மெலிந்த காற்றிலும் 11 டிகிரி லாபம் நமக்குத்தான். ஈரத்துக்கு என்ன பதில்?

கோத்தகிரிப் பெண்:
லாபம் உண்மைதான். ஆனால் அது காற்று தடையில்லாமல் வருகிற கேபினெட்டுக்கு. 17 டிகிரி அறையில் 84 என்றால் வரத்தே இல்லை என்றுதான் எனக்குப் படுகிறது. ஈரம் படிவது சுற்றுக் காற்றைவிடக் குளிர்ந்த பரப்பில். ஓடுகிற கணினியில் உள்ளே எல்லாமே அறையைவிடச் சூடு. நீர் படிய வழியில்லை. ஆபத்து, அணைத்து வைத்த கணினிக்கு. இரவெல்லாம் சில்லிட்டுக் கிடந்த உலோகத்தின்மேல், காலையில் வெந்நீர் ஆவி கலந்த வெதுவெதுப்பான காற்று படும்போதுதான் வியர்க்கும். அந்நேரம் விசிறி சுற்றவே சுற்றாது. அதன்மேல் பழி போடாதீர்கள்.

கொடைக்கானலிலிருந்து:
ஒரு சோதனை போதுமே. பக்கவாட்டு மூடியைக் கழற்றிவிட்டு அதே வீடியோவை ஓட்டுங்கள். சூடு நன்றாக இறங்கினால் வரத்துக் குறைவு. ஓரிரு டிகிரி மட்டும் இறங்கினால் பெரியவர் சொன்ன தூசும் பேஸ்ட்டும்.

ஃபெர்ன்ஹில்வாசி:
ஓட்டினேன். 73ல் நின்றுவிட்டது! விசிறியை எந்தப் பக்கம் பார்த்து மாட்டுவது அக்கா?

கோத்தகிரிப் பெண்:
விசிறியின் சட்டத்தில் அம்புக்குறி இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால், மோட்டாரைத் தாங்கும் கைகள் உள்ள பக்கமாகத்தான் காற்று வெளியேறும். அந்தப் பக்கம் கேபினெட்டின் உட்புறம் நோக்கி இருக்கட்டும். கணினியின் முதன்மைப் பலகையான மதர்போர்டில் விசிறிக்கென உள்ள நான்கு முனை இணைப்பில் செருகுங்கள். பெரும்பாலும் அது 1 ஆம்பியர், அதாவது 12 வாட் தாங்கும். சாதாரண 120 மி.மீ. விசிறிக்கு 2, 3 வாட் போதும்.

லவ்டேல் பெரியவர்:
73 என்ற பிறகு வரத்துக் குறைவை நான் மறுக்கவில்லை. ஆனால் குற்றவாளி அந்தக் கண்ணாடிதான். அது அப்படியே இருந்தால் விசிறியும் அதே இடுக்கில்தான் மூச்சு வாங்க வேண்டும். காசு செலவழிப்பதற்கு முன் பக்கவாட்டு மூடியை மாட்டிவிட்டு, முன்கண்ணாடியை மட்டும் கழற்றி ஒருமுறை ஓட்டிப் பார், தம்பி. பிறகும் விசிறி வேண்டுமென்றால் வலை வடிகட்டியோடு மாட்டு. கேபினெட்டை ஜன்னலோரத்திலிருந்து நகர்த்திவிடு.