மறு: 'ரேடார் டிடெக்டர்' – தமிழில் எப்படிச் சொல்லலாம்?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

ஒரு வாரமாக இந்த இழையைப் படித்துவருகிறேன். தொடங்கிய நண்பர் கேட்டவை இரண்டு. காவலர் வேகம் பார்க்கும் ரேடார் முன்னால் இருந்தால் காருக்குள் ஒலியெழுப்பி எச்சரிக்கும் கருவிதான் ரேடார் டிடெக்டர். அன்றாடம் கார் ஓட்டுபவர் அதிகச் செலவில்லாமல் எப்படிப்பட்டதை வாங்கலாம்? சங்க மலரில் அதைப் பற்றி எழுதும்போது என்ன பெயர் சொல்லலாம்? நாம் இரண்டாவதை மட்டும் பிடித்துக்கொண்டோம். எனக்கு இரண்டும் ஒரே கேள்வியாகவே படுகிறது. கருவி என்ன வேலை செய்கிறது என்று புரிந்துவிட்டால் பெயரும் அமையும், கடையில் பணத்தையும் வீணாக்க மாட்டோம்.

> 'ரேடார் உணரி' என்றால் போதுமே. டிடெக்டர், சென்சார் இரண்டுக்குமே உணரி என்றுதானே எழுதுகிறோம்.

இந்தப் பெயரைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. இன்றைய கார்கள் பலவற்றின் பின்பக்க பம்பருக்குள் சின்னதாக ஒரு ரேடார் இருக்கிறது. பக்கத்துத் தடத்தில் வண்டி வருகிறதா என்று பார்த்து, கண்ணாடியில் விளக்கு எரியவைப்பது அதுதான். 'ரேடார் உணரி' என்ற பெயர் அதற்குத்தான் பொருந்தும். அதில் நிறைய 24 கிகாஹெர்ட்ஸில் வேலை செய்கின்றன. அமெரிக்கக் காவல்துறையின் வேக ரேடார்கள் இயங்கும் அலைவரிசைகளில் ஒன்றான கே பட்டையும் 24.05 முதல் 24.25 கிகாஹெர்ட்ஸ் வரை. அதனால் பக்கத்து வண்டியின் பம்பர் ரேடாரைக் கேட்டு நம் டிடெக்டர் கத்துகிறது. வாங்குபவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய சிக்கலே இது. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் 'ரேடார் உணரியால் ரேடார் உணரி குழம்புகிறது' என்று எழுத வேண்டிவரும்.

இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். வட கரோலினாவில் வீட்டிலிருந்து வேலைக்குத் தினமும் 40 மைல் போய்வருகிறேன். முதன்முதலில் 40 டாலருக்கு ஒன்று வாங்கினேன். எந்த நிறுவனம் என்பது இங்கே வேண்டாம். மளிகைக்கடையின் தானியங்கிக் கதவு, மருந்துக்கடைக் கதவு, முன்னால் போகும் எஸ்யூவி என்று எல்லாவற்றுக்கும் ஒரே குரலில் கத்தும். மூன்றாவது வாரம் ஒலியைக் குறைத்தேன், அப்புறம் கவனிப்பதையே விட்டுவிட்டேன். ஒரு நாள் காலையில் உண்மையிலேயே காவல்துறையின் இன்னொரு அலைவரிசையான கேஏ பட்டையில் கத்தியது. வழக்கமான கூச்சல் என்று நினைத்துப் போய்க்கொண்டே இருந்தேன். 65 மைல் வரம்புள்ள சாலையில் 78. அபராதச் சீட்டு வந்தது. தப்பு என்னுடையதுதான், அதில் வாதமில்லை. ஆனால் எப்போதும் கத்துகிற கருவி கத்தாத கருவிக்குச் சமம் என்று அன்றைக்குப் புரிந்தது.

சரி, வேலை செய்யும் விதத்துக்கு வருகிறேன். இரவில் கரண்ட் போன தெருவில் ஒருவர் டார்ச் அடித்துக்கொண்டு வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒளி நம்மேல் பட்டுத் திரும்பிப் போனால்தான் அவருக்கு நம்மைத் தெரியும். நமக்கோ அவர் தெருமுனையில் திரும்பும்போதே டார்ச் தெரிந்துவிடும். காவலரின் ரேடாருக்கும் இதே கதைதான். அலை போய்ப் பட்டுத் திரும்ப வேண்டும். திரும்பும் அலையின் அதிர்வெண் மாறியிருக்கும் அளவிலிருந்து வேகத்தைக் கணக்கிடுகிறது. கே பட்டையில் மணிக்கு ஒரு மைல் வேகத்துக்குச் சுமார் 72 ஹெர்ட்ஸ் மாற்றம். நம் கருவிக்கு அலை ஒருவழியாக வந்து சேர்ந்தாலே போதும். தூரம் இரண்டு மடங்கானால் நமக்கு வரும் வலிமை நாலில் ஒன்றாகும், அவருக்குத் திரும்பிப் போகும் எதிரொலியோ பதினாறில் ஒன்றாகும். அந்த இடைவெளியை நம்பித்தான் இந்தக் கருவியே இருக்கிறது.

ஆக, இது ரேடார் அல்ல. வேகத்தை அளப்பதில்லை, அலை எதையும் அனுப்பிக் காவலரின் ரேடாரைக் குழப்புவதும் இல்லை. குழப்புவது வேறு கருவி, அது அமெரிக்கா முழுவதும் சட்டவிரோதம். வாங்கும் நண்பர்கள் பலர் இரண்டையும் ஒன்றென்று நினைக்கிறார்கள். அதனால் பெயரிலேயே 'வாங்குவது மட்டும், அனுப்புவதில்லை' என்பது தெரிய வேண்டும் என்பது என் ஆசை.

> 'வேகப்பொறி எச்சரிப்பி' என்று பயனைக் கொண்டு பெயரிடலாமே.

அழகான சொல். ஆனால் வேஸ் போன்ற கைபேசிச் செயலியும் அதே பயனைத் தருகிறது. அது எந்த அலையையும் பிடிப்பதில்லை, முன்னால் போனவர் தட்டிவிட்ட தகவலைச் சொல்கிறது. அந்தச் சொல்லை இரண்டுக்கும் பொதுப்பெயராக வைத்துக்கொள்வோம்.

'அலையொற்றி' என்ற பரிந்துரையை முதலில் நானும் விரும்பினேன். ஒற்று என்றால் உளவு, அது சரி. ஆனால் ஒற்றி என்றதும் ஊர்ப்பக்கம் வீட்டை ஒற்றிக்கு விடுவதுதான் நினைவுக்கு வரும். 'ரேடார் காணி' என்பதிலும் இதே சங்கடம், காணி நிலமாகிவிட்டது. 'கண்டறிவான்' ஓர் ஆளைச் சொல்வதுபோல இருக்கிறது. தவிர, வர்ஜீனியாவில் காவலர்கள் டிடெக்டரையே கண்டுபிடிக்கும் கருவி வைத்திருக்கிறார்கள். நம் கருவியின் உள்ளே இருக்கும் அலையியற்றியிலிருந்து கசியும் மிகச் சிறிய அலையை அது பிடிக்கும். அதை 'ரேடார் கண்டறிவான் கண்டறிவான்' என்றா எழுதுவது?

என் பரிந்துரை: ரேடார் மோப்பி.

மோப்பம் என்ற சொல் எல்லோருக்கும் தெரியும், அகராதி வேண்டாம். மோப்பம் பிடிப்பது வந்ததை வாங்குவது மட்டும்தான். மோப்ப நாய் பிடித்துக் கொடுப்பதில்லை, குரைத்துச் சொல்கிறது, அவ்வளவுதான். பழக்காத நாய் தபால்காரரைப் பார்த்தும் குரைக்கும். 40 டாலர் கருவி செய்ததும் அதைத்தான். டிடெக்டரைப் பிடிக்கும் கருவிக்கு 'மோப்பி கண்டறி கருவி' என்று சிக்கலில்லாமல் சொல்லிவிடலாம்.

> லேசரையும் பிடிக்கும் கருவிக்கு 'ரேடார்' என்ற பெயர் போதுமா?

நியாயமான கேள்வி. 904 நானோமீட்டர் லேசரையும் பெரும்பாலான மோப்பிகள் உணரும். ஆனால் லேசர்க் கற்றை 300 மீட்டர் தள்ளி ஏறத்தாழ ஒரு மீட்டர்தான் அகலம். அது நம்மேல் பட்ட நொடியிலேயே அளந்து முடித்துவிடும். லேசர் ஒலி கேட்டால் பெரும்பாலும் காலம் கடந்துவிட்டது என்று பொருள். முக்கிய வேலை ரேடார்தான், பெயரும் அப்படியே இருக்கட்டும்.

'ரேடார்' வேண்டாம், 'கதுவீ' என்று எழுதுவோம் என்ற ஐயாவுக்கு: கதுவுதல் பற்றுதல் என்பதால் அந்தச் சொல்மீது எனக்கும் மதிப்பு உண்டு. ஆனால் ஓட்டுநர் வாயில் ரேடார் நிலைத்துவிட்டது. இயற்பியல் கட்டுரையில் 'கதுவீ மோப்பி' என எழுதுங்கள், நான் எதிர்க்க மாட்டேன். டொரண்டோ அக்கா 'ராடார்' என்று எழுதுவதும் சரியே. ஆனால் அக்கா, ஒன்ராறியோவில் இந்தக் கருவியை வண்டியில் வைத்திருப்பதே குற்றம். கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா, ஆல்பர்ட்டா, சஸ்காச்சுவான் மூன்று மாகாணங்களில்தான் அனுமதி. கட்டுரையில் இதையும் சேர்க்க வேண்டும்.

இனி முதல் கேள்வி. நூறு டாலருக்குக் கீழே உள்ளவை பெரும்பாலும் என் பழைய கருவிபோலத்தான் நடந்துகொள்ளும். 600 டாலருக்கு மேல் போவது நெடுந்தூரம் ஓட்டுபவர்களுக்கு. நம்மைப் போன்றோர் இடைப்பட்ட விலையில் இரண்டு வசதிகளைப் பார்த்தால் போதும். ஒன்று, பம்பர் ரேடார்களை ஒதுக்கும் வடிகட்டி. இன்னொன்று ஜிபிஎஸ். ஜிபிஎஸ் இருந்தால் அந்த மளிகைக்கடைக் கதவு எங்கே இருக்கிறது என்று நினைவில் வைத்துக்கொண்டு, அடுத்த முறை அங்கே பேசாமல் இருக்கும். இந்த வசதியை 'இடப்பூட்டு' என்று சொல்லலாமா? யூனிடன் டிஎஃப்ஆர்7 இப்படி ஜிபிஎஸ் உள்ள ஒன்று, நான் இப்போது வைத்திருப்பதும் அதுதான். எக்ஸ் பட்டை என்ற பழைய அலைவரிசையைக் கருவியில் அணைத்துவிடுங்கள், காவல்துறை அதை ஏறக்குறைய கைவிட்டுவிட்டது. கேஏ பட்டையில் 33.8, 34.7, 35.5 (கிகாஹெர்ட்ஸ்) என்ற எண்கள் திரையில் வந்தால் உடனே வேகமானியைப் பாருங்கள். இதுவரை எந்தத் தானியங்கிக் கதவும் அந்த எண்ணைக் காட்டி என்னை ஏமாற்றியதில்லை.

காவலர் ரேடாரை அணைத்து வைத்திருந்து, நம் வண்டி அருகில் வந்ததும் பொத்தானை அழுத்தினால் எந்த விலை மோப்பியும் உதவாது. முன்னால் போனவர்மேல் அடித்தது நமக்குக் கேட்டிருந்தால் உண்டு. இதற்கு 'திடீர்வீச்சு' என்று எழுதிவைத்திருக்கிறேன். இதைவிட நல்ல சொல் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.

அன்புடன்,
வட கரோலினாவிலிருந்து

பி.கு.: வாஷிங்டன் பக்கம் போகிறவர்கள் வர்ஜீனியா எல்லைக்கு முன்பே மோப்பியின் மின்கம்பியைக் கழற்றி, டிக்கியில் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். அங்கும் தலைநகரிலும் தடை. கலிபோர்னியா, மின்னசோட்டா நண்பர்கள் முன்கண்ணாடியில் ஒட்டும் முன் அங்குள்ள விதியைப் படித்துவிடுங்கள். ஐந்து டன் லாரி ஓட்டும் நம் நண்பருக்கு: 10,000 பவுண்டுக்கு மேற்பட்ட வணிக வண்டிகளில் நாடு முழுவதும் தடைதான்.