பைபாஸ் அறுவைச் சிகிச்சை: சிங்கப்பூரிலேயே செய்துகொள்வதா, ஊருக்குத் திரும்புவதா?

துவாஸ் தம்பி:
என் அண்ணன் துவாஸில் ஒரு கப்பல் பட்டறையில் வேலை அனுமதிச் சீட்டில் பணிபுரிகிறார்; வயது 47. ஏணியில் ஏறும்போதெல்லாம் நெஞ்சு இறுகுவதால் ஆஞ்சியோகிராம் எடுத்துப் பார்த்தார்கள். மூன்று இரத்தக் குழாய்களிலும் அடைப்பு இருக்கிறது, சில வாரங்களுக்குள் பைபாஸ் (அடைப்பைச் சுற்றி இரத்தத்துக்கு மாற்றுப் பாதை அமைக்கும் அறுவை) செய்துகொள்ள வேண்டும் என்று மருத்துவர் கூறிவிட்டார். நிறுவனத்தில் ஊருக்குப் போய்ச் செய்துகொள்ளச் சொல்கிறார்கள். அண்ணியும் அதையே விரும்புகிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. உங்கள் கருத்தைக் கூறுங்கள்.

தெம்பனீஸ்வாசி:
தம்பி, ஊருக்குப் போகச் சொல்வது யார் என்பதை முதலில் கவனியுங்கள். வேலை அனுமதியில் இருப்பவரின் மருத்துவச் செலவுக்கு முதலாளியே சட்டப்படி பொறுப்பு. 2023 ஜூலை 1 முதல், முதலாளி எடுத்துத் தர வேண்டிய மருத்துவக் காப்பீட்டின் குறைந்தபட்ச வரம்பு ஆண்டுக்கு 15,000 வெள்ளியிலிருந்து (சிங்கப்பூர் டாலர்) 60,000 வெள்ளியாக உயர்ந்திருக்கிறது. முதல் 15,000 வெள்ளிக்கு மேற்பட்ட தொகையில் கால் பங்கை முதலாளி தர வேண்டும், மீதியைக் காப்பீடு தரும். மருத்துவமனைச் செலவு 50,000 வெள்ளி என்று வைத்துக்கொண்டால், முதலாளியின் கையிலிருந்து 8,750 வெள்ளி போகும். வெளிநாட்டவருக்கு அரசு மருத்துவமனையிலும் கட்டணச் சலுகை கிடையாது என்பதால் தொகை பெரிதாகத்தான் இருக்கும். அந்தச் சுமையை அண்ணியின் நகைகளின் மேல் இறக்கிவைக்கும் யோசனையாகவே இதை நான் பார்க்கிறேன். காப்பீட்டு ஆவணத்தைக் கேட்டு வாங்கி, எவற்றுக்கெல்லாம் பணம் தரமாட்டார்கள் என்ற பகுதியை வரிவரியாகப் படியுங்கள்.

அறந்தாங்கியார்:
ஐயா சொல்லும் கணக்கு சரி. ஆனால் அறுவை முடிந்து ஒரு வாரத்தில் மருத்துவமனையிலிருந்து அனுப்பிவிடுவார்களே, அதற்குப் பிறகு அவர் எங்கே படுப்பார்? பிளந்து கம்பியால் கட்டிய மார்பெலும்பு முழுதாகக் கூட ஏறத்தாழ மூன்று மாதம் ஆகும். அதுவரை கையை ஊன்றி எழக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது. தங்கும் விடுதியில் இரண்டடுக்குக் கட்டில், ஓர் அறையில் பல பேர், உப்பும் எண்ணெயும் மிகுந்த கேட்டரிங் சாப்பாடு. பைபாஸுக்காகக் காலிலிருந்து இரத்த நாளம் எடுத்த புண்ணுக்கு யார் கட்டு மாற்றுவார்கள்? வேலை அனுமதிச் சீட்டில் மனைவியை வரவழைத்து உடன் வைத்துக்கொள்ளவும் வழியில்லை. சென்னையில் பைபாஸில் நாற்பது ஆண்டு அனுபவம் உள்ள மருத்துவமனைகள் இருக்கும்போது, சொந்த மனிதர்கள் இல்லாத இடத்தில் அவரை ஏன் கிடத்த வேண்டும்?

இதயப்பிரிவுச் செவிலி:
இருவரும் நோயாளியின் இன்றைய நிலையைப் பேசவில்லை. உழைக்கும்போது மட்டும் வலி வந்து ஓய்வில் அடங்குகிறது என்றால், மருத்துவரின் ஒப்புதலோடு நான்கு மணி நேரம் பறப்பது பெரும்பாலும் இயலும். ஓய்விலேயே வலி வந்தாலோ, இதயத்தின் பெரும்பகுதிக்கு இரத்தம் கொண்டுபோகும் இடது முதன்மைத் தமனியில் கடுமையான அடைப்பு இருந்தாலோ பயணப் பேச்சே கூடாது. விமானத்துக்குள் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பதைப் போன்றது. ஆக்சிஜன் குறையும், நடுவானில் மாரடைப்பு வந்தால் செய்யக்கூடியது மிகக் குறைவு. இரத்தம் உறையாமல் தடுக்கும் குளோபிடோக்ரெல் மாத்திரை சாப்பிடுகிறாரா என்றும் பாருங்கள். அதை வழக்கமாக அறுவைக்கு ஐந்து நாள் முன்பு நிறுத்துவார்கள். ஆனால் எப்போது நிறுத்துவது என்பதை அறுவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும், பயணத் தேதியைப் பார்த்து நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

தெம்பனீஸ்வாசி:
அம்மா சொல்வதை ஏற்கிறேன். வலி அடங்கியிருந்தாலும் என் கருத்து மாறாது. அனுமதியை ரத்து செய்து அனுப்பிவிட்டால் காப்பீடு கைவிட்டுப் போகும். ஊரில் இனிப் புதிதாகக் காப்பீடு எடுத்தாலும், முன்பே கண்டறிந்த நோய்க்கு மூன்று ஆண்டு வரை காத்திருக்கச் சொல்லலாம். தமிழ்நாட்டு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்துக்கு ஆண்டுக் குடும்ப வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். சிங்கப்பூர்ச் சம்பளக்காரர் அதற்குள் எப்படி வருவார்? செலவை ஏற்பதாக நிறுவனம் எழுத்தில் தந்தால் ஒழிய அவர் விமானம் ஏறக் கூடாது.

அறந்தாங்கியார்:
எழுத்தில் வாங்கச் சொல்வதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. கொடுக்க மறுத்தால் சிங்கப்பூர் மனிதவள அமைச்சிடம் முறையிடலாம். அறுவையைச் சிங்கப்பூரிலேயே முடிப்பது என்று தீர்மானித்தால், சிக்கல் ஏதும் இல்லாதவர் 10 முதல் 14 நாள் கழித்து, மருத்துவர் பார்த்துச் சம்மதித்த பிறகு பறக்கலாம். அந்த இரண்டு வாரமும் கீழ்க்கட்டிலும் உடன் ஒருவரும் வேண்டும். தம்பி, நீங்களும் சிங்கப்பூரில்தான் இருக்கிறீர்களா? உங்களால் விடுப்பு எடுக்க முடியுமா? முடியாது என்றால் நான் ஊருக்கே என்பேன்.

துவாஸ் தம்பி:
இங்கேதான் இருக்கிறேன், விடுப்புக் கேட்டிருக்கிறேன். ஓய்வில் இருக்கும்போது வலி வருவதில்லை என்கிறார் அண்ணன். இடது முதன்மைத் தமனியைப் பற்றி மருத்துவரிடம் நாங்கள் கேட்கவே இல்லை. வெள்ளிக்கிழமை ஆஞ்சியோகிராம் குறுந்தகட்டையும் அறிக்கையையும் வாங்கும்போது கேட்டுவிட்டு எழுதுகிறேன். அதுவரை பயணச்சீட்டு எடுக்க வேண்டாம் என்று நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன்.