மூதூரில் பெருமூளை வாதமுள்ள பிள்ளைக்கு எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி – மூதூர்த் தாய்

அனைவருக்கும் வணக்கம். குறைமாதத்தில் பிறந்த என் மகனுக்கு வரும் ஆவணியில் ஐந்து வயது நிறைகிறது. பெருமூளை வாதம் (மூளைப் பாதிப்பால் உடல் அசைவு தடைப்படும் நிலை) என்று வைத்தியர் கூறி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. தலை நிற்கிறது, ஆனால் தனியே உட்கார மாட்டான். பேச்சு வராவிட்டாலும் தகப்பனின் மோட்டார் சைக்கிள் சத்தம் ஒழுங்கையில் கேட்டவுடனே முகம் மலர்ந்துவிடும். மாதத்தில் ஒரு நாள் அவனை மடியில் வைத்துக்கொண்டு கிண்ணியா வழியாகப் பஸ்ஸில் திருகோணமலைக்குப் போகிறேன். அரை மணித்தியாலப் பயிற்சிக்கு ஒரு பகல் முழுவதும் கழிந்துவிடுகிறது. சென்ற ஆண்டு ஒரு நிகழ்வில் சக்கர நாற்காலி ஒன்று தந்து படமும் எடுத்தார்கள். அது பெரியவர்களுக்கானது என்பதால் அவன் ஒரு பக்கம் சரிந்துவிடுகிறான். இப்போது அதில் துணிதான் காய்கிறது. பாடசாலை ஒன்றில் கேட்டபோது, “முதலில் நடக்கட்டும்” என்றார்கள். உதவிப்பணம், நாற்காலி, படிப்பு ஆகிய மூன்றுக்கும் யாரை அணுகுவது?

பதில் – ஓய்வுபெற்ற சமூக சேவை உத்தியோகத்தர்

தங்கச்சி, மூன்றுக்கும் ஒரே கதவு என்று எதுவும் இல்லை. திருகோணமலை மாவட்டத்தில் 11 பிரதேச செயலகப் பிரிவுகள் உள்ளன. உங்களுக்குரியது மூதூர்ப் பிரதேச செயலகம். அங்குள்ள சமூக சேவை உத்தியோகத்தரைச் சந்தியுங்கள். குறைந்த வருமானக் குடும்பங்களின் மாற்றுத்திறனாளிகளுக்கு மாதம் 5,000 ரூபாவாக இருந்த உதவிப்பணம் 2024இல் 7,500 ஆகவும், 2025 ஏப்ரலில் 10,000 ஆகவும் உயர்ந்தது. கிராம உத்தியோகத்தரின் சான்று, அரச வைத்தியரின் அறிக்கை, பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றின் பிரதிகளைக் கையில் வைத்திருங்கள். விண்ணப்பத்தைக் கொடுக்கும்போது உங்கள் பிரதியில் திகதியும் முத்திரையும் இட்டுத்தரக் கேளுங்கள். பல ஆண்டுகள் அந்த மேசைக்குப் பின்னால் இருந்தவன் என்பதால் சொல்கிறேன்: “இன்ன திகதியில் கொடுத்தேன்” என்று ஒருவர் வந்து நின்றால்தான் அடியில் கிடக்கும் கோவை மேலே வரும். மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய செயலகத்தின் உபகரண உதவிக்கும் அவரிடமே கேட்கலாம்.

பதில் – இயன் மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்)

சக்கரத்தை விட முக்கியமானது ஆசனம். இடுப்பு பின்பலகையில் ஒட்டியிருக்க வேண்டும். முழங்கால் செங்கோணமாக மடிந்து, பாதம் தொங்காமல் ஒரு பலகையில் ஊன்றியிருக்க வேண்டும். அகலமான நாற்காலியில் சரிந்தே வளரும் பிள்ளைக்கு முதுகெலும்பு வளையும் அபாயம் உண்டு. தலையைப் பின்னுக்குச் சாய்த்து உணவூட்டினால் அது மூச்சுக்குழாய்க்குள் போய்ச் சளிக்காய்ச்சல் மீண்டும் மீண்டும் வரலாம். ஊர்த் தச்சரே இரண்டு பலகைகளைச் செங்கோணமாகப் பொருத்தி, சுவரின் மூலை போல ஓர் ஆசனம் செய்து தரலாம். உட்காரும் பலகையின் நீளத்துக்கு, பின்புறத்திலிருந்து முழங்கால் மடிப்பு வரை அளந்து, அதில் இரண்டு விரல் அகலத்தைக் கழித்துவிடுங்கள். மாதாந்தப் பயிற்சியின்போது அந்த ஆசனத்தையோ அதன் படத்தையோ கொண்டுபோய்க் காட்டுங்கள். மாதத்தில் அரை மணித்தியாலம் தசைகளுக்குப் போதாது. ஆகவே குளிப்பாட்டும்போதும் சட்டை மாற்றும்போதும் எப்படித் தூக்குவது, எந்தப் பக்கம் திருப்புவது என்று அங்கே கேட்டுப் பழகிக்கொள்வதே அந்தப் பயணத்தின் முழுப் பயன்.

பதில் – கிண்ணியாவிலிருந்து ஒரு தாய்

சகோதரி, “முதலில் நடக்கட்டும்” என்ற பதில் எனக்கும் கிடைத்தது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, இயலாமையைக் காரணம் காட்டிக் கல்வி நிறுவன அனுமதியில் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. ஐந்து வயது முதல் பதினாறு வரை கல்வி கட்டாயம். ஆனாலும் சட்டத்தைச் சொன்னதால் எனக்குக் கதவு திறக்கவில்லை. வலயக் கல்வி அலுவலகத்தில் விசேட கல்விக்குப் பொறுப்பானவரிடம் எழுத்தில் கொடுத்த பிறகுதான் விசேட கல்வி அலகு உள்ள பாடசாலை ஒன்றைக் காட்டினார்கள். அங்கு போனால் வகுப்பறைக்கு முன்னர் மலசலகூடத்தைப் பாருங்கள், பிள்ளையை யார் தூக்குவார் என்றும் கேளுங்கள். என் மகள் முதல் மாதம் அதனால்தான் பாடசாலைக்குப் போகாமல் நின்றாள். பேச்சுக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். சோறு, தண்ணீர், மலசலகூடம் ஆகிய மூன்று படங்களை ஓர் அட்டையில் ஒட்டிப் பிடித்தால், எதை அவன் பார்க்கிறான் என்பதே பதில். என் மகள் பத்து நாளில் தண்ணீரைப் பார்த்தாள். சோற்றை இன்றைக்கும் பார்ப்பதில்லை, அது வேறு கதை.

மூதூர்த் தாய்

மிக்க நன்றி. திங்கட்கிழமை பிரதேச செயலகம் போகிறேன். இயன் மருத்துவர் அவர்களே, அளந்ததில் 26 சென்ரிமீற்றர் வந்தது. பலகையை 23 என்று அறுக்கச் சொல்லலாமா?

இயன் மருத்துவர்

சொல்லலாம். விளிம்பை உருட்டச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் முழங்கால் மடிப்பில் அழுத்தும். அவன் வளர்வான் என்பதால் ஆறு மாதத்தில் மீண்டும் அளந்து பாருங்கள்.