பழைய எஸ்டீம், 402 மீட்டர், ஒன்றரை வினாடி

கடலூரிலிருந்து:

கையில் முப்பதாயிரம் இருக்கிறது, பழைய மாருதி எஸ்டீமில் எதை மாற்றினால் டிராக் ரேஸில், அதாவது நின்ற இடத்திலிருந்து கால் மைல் (402 மீட்டர்) நேராக ஓடுவதில், நேரம் குறையும் என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். நான் அதைவிடக் கூடவே தொலைத்தவன், அதனால் எழுதுகிறேன்.

என் கார் 2001 எஸ்டீம். 1298 சிசி, பதினாறு வால்வு, புதிதில் 85 குதிரைத்திறன். முதுநகரில் கடலைப் பார்த்தபடியே நின்றிருந்த வண்டி, தரைத் தகடெல்லாம் துரு. நமக்குப் பக்கத்தில் இப்படி ஓட்டிப் பார்க்கிற ஸ்ட்ரிப் (ரேஸ் ஓடுதளம்) என்றால் இருங்காட்டுக்கோட்டைதான், பாண்டி, திண்டிவனம், செங்கல்பட்டு, ஒரகடம் வழியாக நாலு மணி நேரம். (அப்பா காலத்தில் சோழவரம் பழைய விமான ஓடுதளத்தில் ரேஸ் பார்க்கப் போவார்களாம். 1990இல்தான் இருங்காட்டுக்கோட்டை வந்தது.) டிரெய்லருக்கெல்லாம் காசில்லை. ஓடப்போகிற காரிலேயே போய் அதிலேயே வீடு திரும்ப வேண்டும், இது நினைவில் இருந்தால் பாதி முட்டாள்தனம் குறையும்.

முதல் தடவை போவதற்கு முன்பே பதினெட்டாயிரம் காலி. புகை தடையில்லாமல் போகிற ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர், கூம்பு மாதிரி ஒரு ஏர் ஃபில்டர். தெருவில் போனால் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஓடிப் பார்த்தால் 18.9 வினாடி, முடிவில் வேகம் மணிக்கு 116 கிலோமீட்டர். பக்கத்து லேனில் எதுவுமே மாற்றாத கார் ஒன்று நிதானமாக என்னைத் தாண்டிப் போனது.

அங்கே ஒரு பெரியவர் என் ஓட்ட நேரம் அச்சிட்ட சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னதுதான் இந்த விஷயத்தில் நான் கேட்ட ஒரே உருப்படியான பாடம். "முதல் அறுபது அடி நேரம் உன் காலையும் டயரையும் சொல்லும் தம்பி, கடைசி வேகம்தான் இன்ஜினைச் சொல்லும். உனக்கு ரெண்டுமே மோசம்."

சரி என்று ஊருக்கு வந்து அரியாங்குப்பத்தில் தெரிந்த மெக்கானிக் அண்ணனிடம் விட்டேன். அவர் பானெட்டைத் திறந்ததும் ஃபில்டரைப் பார்த்துச் சிரித்தார். ரேடியேட்டருக்குப் பின்னால் கொதிக்கிற காற்றை அது குடித்துக்கொண்டிருந்தது. காற்றின் சூடு மூன்று டிகிரி ஏறினாலே அடர்த்தி ஏறக்குறைய ஒரு சதவீதம் போய்விடும், நம் ஊர் மே மாதத்தில் கேட்கவே வேண்டாம். கம்பெனி ஃபில்டர் பெட்டியையே திரும்ப மாட்டி, பம்பருக்குப் பின்னாலிருந்து ஒரு குழாய் இழுத்தோம். அப்புறம் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அழுந்துகிறது என்று பார்த்தார். மூன்று சிலிண்டரில் 180 பிஎஸ்ஐக்கு மேல், நாலாவதில் 140. வால்வு இடைவெளி இறுகிக் கிடந்திருக்கிறது, சரிசெய்ததும் நாலும் ஏறக்குறைய சமமாகிவிட்டன. கடைசியாக இன்ஜினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் ஒயர். உப்புக் காற்றில் பச்சை பிடித்து, பிய்த்தால் உதிர்கிற நிலை. மேல் ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்குச் சுற்று) இன்ஜின் திக்கித் திக்கி ஓடியதற்குக் காரணம் அதுதான், புது ஒயர் 250 ரூபாய். பிளக், ஆயில், கூலி எல்லாம் சேர்த்தும் நாலாயிரத்தைத் தாண்டவில்லை. நான் குதிரையைக் கூட்ட அலைந்தேன், காணாமல் போன குதிரைகள் உள்ளேயே இருந்தன.

அடுத்த தடவை வேகம் 122, ஆனால் நேரம் 18.2தான், ஏனென்றால் கால். ஐயாயிரம் ஆர்பிஎம்மில் கிளட்ச்சைப் பட்டென்று விட்டால் டயர் அதே இடத்தில் கத்தும், அவ்வளவுதான். முன்சக்கர இழுவைக் காரில் கிளம்பும்போது பாரம் பின்னுக்குப் போகும், இழுக்கிற டயரின் மேல் எடை குறைகிறது. எனவே முன்டயரில் காற்றை 24க்கு இறக்கி, பின்டயரை 36க்கு ஏற்றி, 2500இல் வைத்துக் கிளட்ச்சை வழியவிட்டுப் பிடித்தேன். ஒரே நாளில் ஒன்பது ஓட்டம், ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு மாற்றம்தான். ஸ்டெப்னி, ஜாக்கி, பின்சீட், டிக்கியில் கிடந்த குப்பை, டேங்க்கில் எட்டு லிட்டர் மட்டும் என்று ஐம்பத்தைந்து கிலோ போல இறக்கினேன், அதற்கு மட்டும் 0.3 வினாடி கிடைத்தது. கடைசி ஓட்டம் 17.4. கிளம்பும் முன் முன்டயரில் காற்றைத் திரும்ப 30 வைக்க மறக்காதே.

வில்லியனூரிலிருந்து:

அண்ணன் டயரைப் பற்றிச் சொன்னதால் என் கூத்தையும் கேளுங்கள். என்னுடையது மாருதி 800. பிடிமானம் கிடைக்கும் என்று 12 அங்குலச் சக்கரத்தைக் கழற்றிவிட்டு 13 அங்குல அலாயில் 165/65 டயர் போட்டேன். பார்க்க ராஜா. ஓடினால் பழைய நேரத்தைவிட அரை வினாடி அதிகம். 145/70 டயரைவிடச் சுற்றளவு 7 சதவீதம் கூடியதில், எல்லா கியருமே நீளமாகிவிட்டது மாதிரி ஆயிற்று, 796 சிசி மூச்சுத் திணறியது. அலாயை விற்றுவிட்டேன், நட்டம் ஆறாயிரம். இன்னொன்று, கிழக்குக் கடற்கரைச் சாலையில் ராத்திரி "டெஸ்ட்" பண்ணலாம் என்று யாராவது கூப்பிட்டால் போகாதே தம்பி. மாடு படுத்திருக்கும், லைட் இல்லாமல் சைக்கிள் வரும்.

கேள்வி கேட்ட தம்பி:

நன்றி அண்ணே. சைலன்சருக்கு அட்வான்ஸ் கொடுத்திருந்தேன், திருப்பிக் கேட்கிறேன். ஏசி கம்ப்ரஸரைக் கழற்றினால் எடை குறையுமே, கழற்றலாமா?

கடலூரிலிருந்து:

குறையும், சில கிலோ. ஓடும்போது ஏசியை அணைத்தாலே கம்ப்ரஸர் இன்ஜினை இழுக்காது, எடைக்காக மட்டும் கழற்றுவதென்றால் உன் இஷ்டம். நான் ஒரு தடவை கழற்றிவிட்டுப் போனேன். திரும்பும்போது மதியம் இரண்டு மணி, மேல்மருவத்தூர் தாண்டுவதற்குள் மறுபடி மாட்டிவிடலாம் என்று முடிவு செய்துவிட்டேன்.