2006-க்கு முன் செய்த வேலைக்குச் சைபர்-பிசிக்கல் பரிசு என்று பெயர் சொல்லலாமா?

இளவழகன்:
"சைபர்-பிசிக்கல் துறையின் பரிசுகள் என்று நீங்கள் கொண்டாடுபவை பழைய வேலைக்குப் புதுப் பெயர்ப்பலகை மாட்டுபவை, அந்தச் சொல்லே 2006-இல்தான் பிறந்தது" என்று செங்கதிர் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. சைபர்-பிசிக்கல் என்பது வண்டி, இயந்திரம் போன்ற நிஜப் பொருள்களைக் கணினி நிரல் கட்டுப்படுத்தும் அமைப்புகளைப் பற்றிய துறை. லூயி ஷா, ரகுநாதன் ராஜ்குமார், ஜான் லெஹோஸ்கி ஆகிய மூவருக்கும் 2016-இல் ஐஇஇஇ என்ற உலகளாவிய பொறியாளர் அமைப்பின் சைமன் ராமோ பதக்கம் கிடைத்ததை நான் பெருமையாகச் சொன்னதற்குத்தான் இந்தப் பதில். அவர்கள் 1990-இல் வெளியிட்ட பிரயாரிட்டி இன்ஹெரிட்டன்ஸ் கட்டுரை என்ன செய்தது என்று அவருக்குத் தெரியுமா? 1997 ஜூலையில் செவ்வாயில் இறங்கிய நாசா விண்கலமான பாத்ஃபைண்டரின் கணினி திரும்பத் திரும்பத் தானாக ரீசெட் ஆனது. வானிலைத் தரவைக் கையாண்ட தாழ்ந்த முன்னுரிமைப் பணி ஒரு பூட்டை, அதாவது பொதுவான தரவை ஒரு நேரத்தில் ஒரு பணி மட்டுமே தொடும்படி செய்யும் ஏற்பாட்டை, பிடித்திருந்தது. நடுத்தர முன்னுரிமைப் பணி குறுக்கே புகுந்து அதை ஓடவிடாமல் செய்ததால், அதே பூட்டுக்குக் காத்திருந்த மிக முக்கியமான பணி உரிய நேரத்தில் முடியவில்லை. பூட்டை வைத்திருக்கும் பணிக்கு, காத்திருக்கும் பணியின் முன்னுரிமையைத் தற்காலிகமாகக் கொடுக்கும் அந்தப் பிரயாரிட்டி இன்ஹெரிட்டன்ஸ் முறையைப் பூமியிலிருந்து இயக்கிய பிறகே கலம் சீரானது. இது சைபர்-பிசிக்கல் இல்லையென்றால் வேறு எது?

செங்கதிர்:
பாத்ஃபைண்டர் கதையை நீங்கள் இங்கே சொல்வது எனக்குத் தெரிந்து மூன்றாவது முறை. நான் கேட்டதற்கு அது பதில் ஆகாது. அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளையில் ஹெலன் கில் அந்தச் சொல்லை உருவாக்கியது 2006-இல். 1990-இல் எழுதப்பட்டது ரியல்-டைம் துறைக் கட்டுரை, அதாவது குறித்த நேரத்துக்குள் வேலையை முடித்தாக வேண்டிய கணினிகளைப் பற்றியது. ராமோ பதக்கம் பெரிய அமைப்புகளை முழுமையாகத் திட்டமிட்டு உருவாக்கும் சிஸ்டம்ஸ் என்ஜினியரிங்குக்கு உரியது. இத்துறைக்கென்றே தரப்படும் பரிசு வேண்டுமென்றால், ஐஇஇஇ-யின் சைபர்-பிசிக்கல் தொழில்நுட்பக் குழு 2019-இல் எட்வர்ட் லீக்கு வழங்கிய சாதனை விருதைச் சொல்லுங்கள், ஏற்கிறேன்.

இளவழகன்:
நல்லது, லீயையே எடுத்துக்கொள்வோம். பெர்க்லி பல்கலைக்கழகத்தில் அவர் நடத்திய, இத்தகைய அமைப்புகளை மாதிரியாக்கும் மென்பொருளுக்கான டாலமி திட்டம் 1990-களிலேயே நடந்துகொண்டிருந்தது. 2006-ஐ எல்லைக்கல்லாக நட்டால் அந்த உழைப்பும் வெளியேதான் நிற்கும். ராஜீவ் ஆலூரும் டேவிட் டில்லும் உருவாக்கிய, நேரத்தோடு இயங்கும் அமைப்புகளைக் கணித வடிவில் விவரிக்கும் டைம்டு ஆட்டோமேட்டா கோட்பாடும் 1990-களைச் சேர்ந்தது; அதற்கு 2008-இல் கணினி வழிச் சரிபார்ப்பு மாநாட்டின் சிஏவி விருதும் 2016-இல் அலான்ஸோ சர்ச் விருதும் கிடைத்தன. பரிசு என்பது வேலை நடந்து பல ஆண்டுகள் கழித்து வருவதுதான் வழக்கம். குழந்தைக்குப் பெயர் வைத்த நாளையா நாம் பிறந்த நாளாகக் கொள்கிறோம்?

செங்கதிர்:
லீக்கு அந்த விருது பொருந்துவதற்குக் காரணம், 2008-இல் அவர் எழுதிய கட்டுரை. இன்றைய கணினியியலின் அடிப்படைக் கருத்துருக்களில் நேரம் என்பதற்கே இடமில்லை என்று இத்துறையின் பெயராலேயே வாதிட்டவர் அவர். 2008 என்பது 2006-க்குப் பிறகு வருகிறது. சர்ச் விருதோ தர்க்கத்துக்கு உரியது. மறுபடியும் வேறு துறையின் பதக்கத்தைக் கொண்டுவந்து நிறுத்துகிறீர்கள்.

கொங்குத்தமிழன்:
ராஜ்குமார் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இளநிலைப் பட்டம் பெற்றவர் என்பதை யாரும் சொல்லவில்லையே! நம் மண்ணில் படித்த ஒருவருக்கு வந்த பதக்கத்தை இப்படிக் கூறுபோட்டு ஆராய்வதற்குக் காழ்ப்புதான் காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். கட்டுப்பாட்டுக் கோட்பாட்டு அறிஞர் கால்மன் பற்றிய முந்தைய விவாதத்திலும் செங்கதிர் இதையேதான் செய்தார். அத்துடன், சைபர்-பிசிக்கல் என்று எழுதாமல் "இணையப் பருப்பொருள் அமைப்பு" என்று தமிழில் எழுதுங்கள்.

இளவழகன்:
கொங்குத்தமிழன் அவர்களே, ஆதரவுக்கு நன்றி, ஆனால் அந்தச் சொல் தவறு. காரின் பிரேக்கைக் கட்டுப்படுத்தும் சில்லுக்கு இணையம் தேவையில்லை. சைபர் என்பது சுக்கான் பிடிப்பவரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வருவது. நார்பர்ட் வீனர் 1948-இல் சைபர்நெடிக்ஸ் என்று பெயரிட்டபோது இணையமே இல்லை.

கொங்குத்தமிழன்:
தமிழ்ச் சொல் என்றால் மட்டும் உங்களுக்குக் குற்றம் கண்ணில் படுகிறது.

அலைவரிசை:
பெரியவர்கள் இருவரும் பெரியவர்களுக்குக் கிடைத்த பதக்கங்களையே பேசுகிறீர்கள். கணினியியலாளர் சங்கமான ஏசிஎம்-இன், பொருள்களுக்குள் பதிந்த கணினிகளுக்கான சிக்பெட் அமைப்பு 2013-இல் நிறுவிய பால் காஸ்பி நினைவு விருது முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்கு உரியது. காஸ்பி, கட்டுப்பாட்டு மென்பொருள் எழுதுவதற்கான லஸ்டர் என்ற நிரல் மொழியை உருவாக்கியவர்களில் ஒருவர். அதன் வழிவந்த ஸ்கேட் கருவி ஏர்பஸ் விமானங்களின் கட்டுப்பாட்டு மென்பொருளை எழுதப் பயன்படுகிறது. இளையவர்களுக்கு உண்மையில் உதவும் அந்தப் பரிசைப் பற்றி ஒருவர்கூட ஒரு வரி எழுதவில்லை.

இளவழகன்:
தம்பி, நல்ல தகவல் தந்தீர்கள். லஸ்டர் 1980-களில் பிறந்த மொழி என்பதையும் செங்கதிருக்குச் சொல்லுங்கள். 2006-க்கு முன்பே இந்தத் துறை இருந்தது என்பதற்கு இன்னொரு சாட்சி கிடைத்துவிட்டது.

அலைவரிசை:
நான் தம்பி இல்லை. நான்கு ஆண்டுகளாக இத்துறையில் ஆய்வு செய்யும் பெண். உங்கள் 2006 சண்டைக்குச் சாட்சி சொல்லவும் நான் வரவில்லை.

இளவழகன்:
தவறாக அழைத்ததற்கு வருந்துகிறேன், அம்மா. ஆனால் 2006 எனக்குச் சிறிய விஷயம் இல்லை. 2003-இல் ஒரு தொழிற்சாலையில் பிரேக் கட்டுப்பாட்டு நிரல் எழுதிக்கொண்டிருந்தேன். ஐந்து மில்லி வினாடிக்கு ஒருமுறை சக்கர வேகத்தைப் படித்து வால்வைத் திறந்து மூட வேண்டும். தொடர்ந்து சுற்றுகள் தவறினால் சக்கரம் பூட்டிக்கொள்ளலாம். பதவி உயர்வுக் குழுவில் இயந்திரவியல்காரர்கள் இது கணினி வேலை என்றார்கள்; கணினிக்காரர்கள் இது இயந்திர வேலை என்றார்கள். பெயர் இல்லாததால் என் வேலையும் இல்லாததாகிவிட்டது. அன்று அவர்கள் சொன்னதையே இன்று செங்கதிர் சொல்கிறார். 2006 வரவில்லை என்பதற்காக நான் நிரல் எழுதிய வண்டி நிற்காமல் போனதா?

செங்கதிர்:
உங்களுக்கு நேர்ந்தது அநியாயம்தான். அதற்கு நான் பொறுப்பில்லை. வண்டி நின்றதை நான் மறுக்கவும் இல்லை. ராமோ பதக்கத்தின் சான்றுரையை எடுத்துப் படியுங்கள், அதில் ரியல்-டைம் சிஸ்டம்ஸ் என்றுதான் இருக்கிறது.

இளவழகன்:
அந்த ரியல்-டைம் சிஸ்டம் எதைக் கட்டுப்படுத்துகிறது என்பதையும் சேர்த்துப் படியுங்கள். பாத்ஃபைண்டரைப் பற்றி இன்னும் விரிவாக நாளை எழுதுகிறேன்.

செங்கதிர்:
நான்காவது முறையாக.